மருந்துக்கு மசியாத புற்றுநோய்ச் செல்களும் அவற்றின் சவ்வும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செல் சவ்வின் பாய்மத்தன்மை என்று எதைச் சொல்கிறோம்?

செல்லைச் சூழ்ந்திருக்கும் சவ்வு ஏறத்தாழ 5 நானோமீட்டர் தடிப்புள்ளது. கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு அடுக்காக, வால்கள் உள்நோக்கியும் தலைகள் நீரை நோக்கியும் அமைந்த படலம் அது. இந்த மூலக்கூறுகள் நின்ற இடத்தில் நிற்பதில்லை. தம் அடுக்குக்குள் பக்கவாட்டில் நகர்கின்றன, தம் அச்சிலேயே சுழல்கின்றன, வால்களை ஓயாமல் அசைக்கின்றன. ஓர் அடுக்கிலிருந்து மறு அடுக்குக்குத் தாவுவது மட்டும் சவ்வின் முதன்மைக் கொழுப்புகளான பாஸ்போலிப்பிடுகளில் பெரும்பாலானவற்றுக்கு அரிதாகவே நிகழும். இந்த அசைவுகள் எவ்வளவு தாராளமாக நடக்கின்றன என்பதைத்தான் பாய்மத்தன்மை என்கிறோம்.

1970இல் ஃப்ரையும் எடிடினும் எலியின் செல் ஒன்றையும் மனிதச் செல் ஒன்றையும் இணைத்து, இரண்டின் மேற்பரப்புப் புரதங்களுக்கும் வெவ்வேறு நிற ஒளிர்சாயம் ஏற்றினார்கள். முதலில் பாதிக்குப் பாதியாகப் பிரிந்து நின்ற நிறங்கள், 37 டிகிரி செல்சியஸில் சுமார் 40 நிமிடங்களுக்குள் பெரும்பாலான செல்களில் முழுதும் கலந்துவிட்டன. குளிர்வித்தபோது கலப்பது நின்றது. சவ்வு கெட்டியான உறையன்று என்பதை இவ்வளவு நேரடியாகக் காட்டிய சோதனை அதற்கு முன் இல்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து சிங்கரும் நிகல்சனும் முன்வைத்த பாய்ம மொசைக் மாதிரிக்கு இது வலுவான சான்றாக அமைந்தது.

ஒரு சவ்வை இளக்குவதும் இறுக்குவதும் எவை?

முதன்மையானது கொழுப்பமில வால்களின் தன்மை. நிறைவுற்ற வால்கள் நேராக இருப்பதால் நெருங்கி அடுக்கப்படுகின்றன. நிறைவுறா வால்களில் இரட்டைப் பிணைப்பு இருக்குமிடத்தில் ஒரு வளைவு விழுவதால் அடுக்கு தளர்கிறது. வால் நீண்டால் இறுக்கம் கூடும். ஸ்பிங்கோமைலின் என்ற சவ்வுக் கொழுப்பு மிகுந்தாலும் அப்படியே.

கொலஸ்ட்ரால் சற்று விநோதமானது. உடல் வெப்பநிலையில் அது வால்களின் அசைவை அடக்கிச் சவ்வை ஒழுங்குபடுத்துகிறது. குளிரில் அதே கொலஸ்ட்ரால் வால்கள் ஒன்றோடொன்று உறைந்துபோகாமல் தடுக்கிறது. நம் உடலில் வெப்பநிலை பெரிதாக மாறுவதில்லை என்பதால், புற்றுநோய்ச் செல்லைப் பொறுத்தவரை இறுக்கும் பக்கம்தான் நமக்கு முக்கியம். பாக்டீரியாக்கள் வளரும் வெப்பநிலைக்கு ஏற்பத் தம் கொழுப்பமிலக் கலவையை மாற்றிப் பாய்மத்தன்மையைக் காத்துக்கொள்கின்றன என்பது 1974 முதல் அறியப்பட்டது. செல்கள் இந்தப் பண்பை விழிப்புடன் பேணுகின்றன என்பதே அதிலிருந்து நாம் கொள்ள வேண்டியது.

பாய்மத்தன்மையை எப்படி அளக்கிறார்கள்?

நேரடியாக அளக்க வழியில்லை. சவ்வுக்குள் ஒரு துப்பறியும் மூலக்கூறைச் செலுத்தி, அது எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்கிறார்கள். நெடுங்காலமாகப் பயன்படுவது டிபிஎச் என்ற குச்சி வடிவ மூலக்கூறு. அது நீரில் ஒளிர்வதில்லை, கொழுப்புக்குள் சென்றதும் ஒளிர்கிறது. ஒரே தளத்தில் அதிரும் ஒளியை அதன்மேல் பாய்ச்சினால், ஒளியை உறிஞ்சியதற்கும் வெளியிடுவதற்கும் இடையிலான சில நானோவினாடிகளில் அது எவ்வளவு புரண்டிருக்கிறதோ அவ்வளவுக்கு வெளிவரும் ஒளியின் அதிர்தளம் சிதறியிருக்கும். சிதறல் குறைவாக இருந்தால் மூலக்கூறு நெருக்கடியில் இருக்கிறது, அதாவது சவ்வு இறுகலானது என்று பொருள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. டிபிஎச் செல்லின் வெளிச்சவ்வோடு நிற்பதில்லை. உள்ளே இருக்கும் மைட்டோகாண்ட்ரியா முதலான எல்லாச் சவ்வுகளிலும், கொழுப்புத் துளிகளிலும் கூடப் பரவிவிடுகிறது. ஆகவே முழுச் செல்லில் எடுத்த டிபிஎச் அளவு செல்லின் எல்லாக் கொழுப்புக்குமான சராசரியே தவிர, மருந்து முதலில் சந்திக்கும் வெளிச்சவ்வைப் பற்றிய தனிச் செய்தி அன்று. இந்தக் குறையைத் தவிர்க்க மின்னேற்றமுள்ள டிஎம்ஏ-டிபிஎச்சைப் பயன்படுத்துகிறார்கள். அது வெளிச்சவ்வில் கொஞ்ச நேரம் தங்குகிறது.

லார்டான் என்ற சாயம் வேறு கோணத்தில் பேசுகிறது. சவ்வு தளர்ந்து நீர் மூலக்கூறுகள் உள்ளே நுழைந்தால் அதன் ஒளிர்வு 440 நானோமீட்டருக்கு அருகிலிருந்து 490க்கு அருகே நகர்கிறது. நுண்ணோக்கியில் வைத்து ஒரே செல்லில் எந்தப் பகுதி இறுகல், எந்தப் பகுதி இளகல் என்று வரைபடமே எடுக்கலாம். ஒரு சிறு வட்டத்தில் மட்டும் லேசரால் ஒளிர்வை அழித்துவிட்டு, சுற்றிலுமிருந்து ஒளிரும் மூலக்கூறுகள் வந்து அதை நிரப்ப எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் முறை பக்கவாட்டு நகர்வை அளக்கிறது. இவை மூன்றும் ஒரே பண்பை அளப்பவை அல்ல. ஒன்றில் இறுகலாகத் தெரியும் சவ்வு மற்றொன்றில் அப்படித் தெரிந்தே ஆகவேண்டும் என்பதில்லை.

புற்றுநோய்ச் செல் மருந்தை எதிர்த்து நிற்பதில் சவ்வுக்கு என்ன வேலை?

மருந்து எதிர்ப்புக்குப் பல வழிகள் உண்டு: மருந்தின் இலக்குப் புரதம் மாறிவிடலாம், சேதமான டிஎன்ஏ விரைந்து சீர்செய்யப்படலாம், செல் தன்னை அழித்துக்கொள்ளும் பாதையே அடைபட்டிருக்கலாம். இவற்றில் சவ்வுக்கு நேரடிப் பங்கில்லை. ஆனால் மருந்து போதிய அளவில் உள்ளே சேராமல் போவது என்ற வகை முழுக்க முழுக்கச் சவ்வின் கதை.

1973இல் டேனோ என்ற டென்மார்க் ஆய்வாளர், எதிர்ப்புப் பெற்ற எலிப் புற்றுச் செல்கள் டானோமைசின் என்ற புற்றுநோய் மருந்தை ஆற்றல் செலவிட்டு வெளியேற்றுவதைக் காட்டினார். 1976இல் ஜூலியானோவும் லிங்கும் எதிர்ப்புள்ள வெள்ளெலிச் செல்களின் சவ்வில் சுமார் 170 கிலோடால்டன் எடையுள்ள ஒரு கிளைக்கோபுரதத்தை, அதாவது சர்க்கரை இணைந்த புரதத்தைக் கண்டார்கள். சவ்வின் உட்புகவிடும் தன்மையை அது மாற்றுகிறது என்ற எண்ணத்தில் பி-கிளைக்கோபுரதம் என்று பெயரிட்டார்கள். சவ்வே மாறுகிறதா, சவ்விலுள்ள ஓர் இயந்திரம் வேலைசெய்கிறதா என்ற கேள்வி அன்று தொடங்கியது. விடை இயந்திரத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது. ஆனாலும் அது பதிந்திருக்கும் கொழுப்பை ஒதுக்கிவிட்டு அதன் வேலையைப் புரிந்துகொள்ள முடிவதில்லை.

பி-கிளைக்கோபுரதம் மருந்தை எங்கே பிடிக்கிறது?

செல்லின் உள்நீரிலிருந்து அல்ல, சவ்வுக்குள்ளிருந்தே பிடிக்கிறது என்பதே இன்று பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. இதைத் தெளிவாகக் காட்டும் சோதனை கால்சீன் ஏஎம் சோதனை. இந்தச் சாயம் செல்லுக்குள் நுழையும்போது ஒளிர்வதில்லை. உள்நீரில் உள்ள எஸ்டரேஸ் நொதிகள் அதை வெட்டிய பிறகே பச்சையாக ஒளிரும் கால்சீன் உண்டாகிறது. வெட்டப்பட்ட கால்சீனை பி-கிளைக்கோபுரதம் வெளியேற்றுவதில்லை. இருந்தும், இந்தப் புரதம் மிகுந்த செல்கள் இருண்டே கிடக்கின்றன. வெராபமில் என்ற இதய மருந்தைச் சேர்த்துப் புரதத்தைத் தடுத்தால் ஒளிரத் தொடங்குகின்றன. உள்நீரின் நொதிகள் கைவைப்பதற்கு முன்னரே, சவ்வைக் கடக்கும் வழியிலேயே சாயம் பிடிபட்டு வெளியே தள்ளப்படுகிறது என்பதைத் தவிர இதற்கு எளிய விளக்கமில்லை.

இந்தப் புரதம் 1280 அமினோ அமிலங்களாலானது. சவ்வைப் பன்னிரண்டு முறை ஊடுருவிச் செல்கிறது. உட்புறத்தில், செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறைச் சிதைக்கும் இரண்டு இடங்கள் உண்டு. 2009இல் வெளியான எலிப் புரதத்தின் கட்டமைப்பில், நடுவே ஒரு பெரிய குழியும், சவ்வின் உள்ளடுக்கை நோக்கித் திறந்த வாயில்களும் தென்பட்டன. டாக்சோரூபிசின், வின்பிளாஸ்டின், பேக்லிடாக்சல், எட்டோபோசைடு என்று வடிவத்தில் ஒன்றுக்கொன்று உறவில்லாத மருந்துகளை ஒரே புரதம் வெளியேற்றுவது எப்படி என்ற புதிருக்கும் இங்கேதான் பாதி விடை இருக்கிறது. அவை பெரும்பாலும் கொழுப்பில் கரைபவை. சவ்வில் தாமே செறிந்து நிற்பவை. ஆக, மருந்தை முதலில் வடிகட்டித் தருவது கொழுப்புப் படலம்தான்.

அந்தப் படலம் இறுகினாலோ இளகினாலோ மூன்று விஷயங்கள் ஒருசேர மாறுகின்றன: சவ்வில் எவ்வளவு மருந்து கரைகிறது, அது எவ்வளவு விரைவாக மறுபக்கம் போகிறது, புரதம் தன் வடிவத்தை எவ்வளவு எளிதாக மாற்றிக்கொள்கிறது. ஒரு சோதனையில் தெரியும் மாற்றம் இம்மூன்றில் எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். இத்துறையின் தலைவலியே அதுதான்.

சவ்வு இறுகினால் எதிர்ப்பு ஏன் கூடவேண்டும்?

ஓட்டைப் படகிலிருந்து நீர் இறைப்பவரை நினைத்துக்கொள்ளலாம். அவர் கையின் வேகம் மாறாவிட்டாலும், ஓட்டை சிறிதாக இருந்தால் படகு மிதக்கும், பெரிதானால் மூழ்கும். பி-கிளைக்கோபுரதம் வெளியேற்றிய மருந்து சவ்வு வழியே மீண்டும் கசிந்து உள்ளே வந்துகொண்டேதான் இருக்கிறது. செல்லுக்குள் கடைசியில் எவ்வளவு மருந்து நிற்கும் என்பது இறைக்கும் வேகத்துக்கும் கசியும் வேகத்துக்கும் உள்ள விகிதம்.

டாக்சோரூபிசின் ஓர் அடுக்கிலிருந்து மறு அடுக்குக்குத் தாவ ஏறத்தாழ ஒரு நிமிடம் எடுத்துக்கொள்கிறது. மூலக்கூறு அளவில் இது மிக மெதுவான நகர்வு. அதனால்தான் அதை வெளியே நிறுத்திவைக்கப் புரதத்தால் முடிகிறது. வெராபமில் போன்றவை மிக விரைவாகத் தாவிவிடுவதால், புரதம் அவற்றை எவ்வளவு தள்ளினாலும் பயனின்றி, அவற்றோடு மல்லுக்கட்டுவதிலேயே அதன் வேலைநேரம் கழிகிறது. எய்டன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1990களில் வளர்த்தெடுத்த இந்த விளக்கம், பாய்மத்தன்மைக்கு எதிர்ப்பில் என்ன இடம் என்பதைத் தெளிவாகச் சொல்கிறது என்பது என் கருத்து: இறுகிய சவ்வு கசிவைக் குறைக்கிறது, ஆனால் இறைக்க ஆளில்லாத படகில் ஓட்டை சிறிதாக இருந்து பயனில்லை. வெளியேற்றும் புரதம் இல்லாத செல்லில் இறுகிய சவ்வு மருந்து நுழைவதைத் தாமதப்படுத்துமே தவிர, நேரம் கொடுத்தால் உள்ளும் புறமும் சமமாகிவிடும்.

அப்படியானால் எதிர்ப்புள்ள செல்களின் சவ்வு எப்போதும் இறுகலாக இருக்குமா?

இருக்காது. டாக்சோரூபிசினை எதிர்க்கும் பி388 எலி லுகேமியா செல்களின் சவ்வு, மருந்துக்கு அடங்கும் மூலச் செல்களின் சவ்வைவிட ஒழுங்கானது என்று 1980களின் தொடக்கத்திலேயே கண்டார்கள். அதன் பிறகு வேறு செல் வரிசைகளில் இதே போக்கைக் கண்டவர்களும் உண்டு, வேறுபாடே இல்லை என்றவர்களும் உண்டு, எதிர்த்திசையில் கண்டவர்களும் உண்டு. இந்த முரண்பாட்டுக்கு அளவிடும் முறைகளின் வேறுபாடு ஒரு காரணம். ஆய்வகத்தில் எதிர்ப்பை உண்டாக்கும் முறை மற்றொரு காரணம்: மாதக்கணக்கில் மருந்தின் அளவைப் படிப்படியாகக் கூட்டித் தப்பிப்பிழைத்தவற்றைத் தேர்ந்தெடுக்கும்போது, எதிர்ப்போடு தொடர்பில்லாத மாற்றங்களும் கூடவே தேறி வந்துவிடும்.

மூன்றாவது காரணம் சங்கடமானது. எம்சிஎஃப்-7 என்ற மார்பகப் புற்றுச் செல்லையும், அதிலிருந்து உருவாக்கப்பட்டதாகக் கருதப்பட்ட எம்சிஎஃப்-7/ஏடிஆர் என்ற எதிர்ப்புச் செல்லையும் ஒப்பிட்டு ஏராளமான கட்டுரைகள் வந்தன. இரண்டுக்கும் மரபணு உறவில்லை என்று ஐயம் எழுந்து, 1998இல் பின்னதற்கு என்சிஐ/ஏடிஆர்-ரெஸ் என்று பெயர் மாற்றினார்கள். பின்னர் அது ஓவிகார்-8 என்ற சினைப்பைப் புற்றுச் செல்லின் வழிவந்தது என்று உறுதியானது. ஆகவே அந்த இணையை வைத்துச் சவ்வின் கொழுப்புக் கலவையில் கண்ட வேறுபாடுகள், மருந்து எதிர்ப்பால் வந்தவையா அல்லது மார்பகத்துக்கும் சினைப்பைக்கும் உள்ள வேறுபாடா என்று பிரிக்க இயலாது. பழைய கட்டுரைகளை எடுத்தாள்பவர்கள் முதலில் செல்லின் பெயரைப் பார்ப்பது நல்லது.

புற்றுநோய்ச் செல் தன் சவ்வை மாற்றிக்கொள்வது எவ்வாறு?

பெரும்பாலான உடற்செல்கள் இரத்தத்திலிருந்து வரும் கொழுப்பமிலங்களை எடுத்துக்கொள்கின்றன. பல புற்றுநோய்ச் செல்களோ கொழுப்பமில சின்தேஸ் என்ற நொதியைப் பெருக்கிக்கொண்டு தாமே தயாரிக்கின்றன. இந்த நொதி தருவது நிறைவுற்ற பால்மிட்டிக் அமிலம். பலநிறைவுறாக் கொழுப்பமிலங்களுக்கு அடிப்படையான லினோலிக், லினோலெனிக் அமிலங்களை மனிதச் செல்லால் தயாரிக்க இயலாது, உணவிலிருந்தே வரவேண்டும். எனவே சொந்தத் தயாரிப்பு கூடக்கூடச் சவ்வில் நிறைவுற்றவையும் ஓரிரட்டைப் பிணைப்புள்ளவையும் பெருகி, பலநிறைவுறாதவை ஒதுங்குகின்றன. இந்த மாற்றம் புற்றுச் செல்லை ஆக்சிஜனேற்றச் சேதத்திலிருந்தும் டாக்சோரூபிசின் போன்ற மருந்துகளிலிருந்தும் காப்பதை 2010இல் ரிஸ்மனும் உடனாய்வாளர்களும் காட்டினார்கள்.

செல் இதிலும் அளவோடு நிற்கவேண்டியிருக்கிறது. நிறைவுற்றவை மிதமிஞ்சினால் செல்லுக்கே நஞ்சாகும் என்பதால், ஒற்றை இரட்டைப் பிணைப்பை நுழைக்கும் எஸ்சிடி-1 என்ற நொதியையும் பல புற்றுகள் கூட்டிக்கொள்கின்றன. செராமைடு என்ற சவ்வுக் கொழுப்பை குளுக்கோசைல்செராமைடாக மாற்றும் நொதி சில எதிர்ப்புச் செல்களில் மிகுந்திருப்பதும் அறியப்பட்டதே. செராமைடு செல்லைச் சாவுக்குத் தூண்டுவது என்பதால், இங்கே பாய்மத்தன்மையைவிடச் செராமைடு குறைவதே முக்கியமாக இருக்கலாம்.

சவ்வை இளக்கினால் எதிர்ப்பை உடைத்துவிட முடியுமா?

ஆய்வகத் தட்டில் முடிகிறது. ஈதர், குளோரோஃபார்ம், பென்சைல் ஆல்கஹால் முதலானவை சவ்வை இளக்கி, பி-கிளைக்கோபுரதம் ஏடிபியைச் சிதைப்பதை நிறுத்திவிடுவதை 1999இல் எய்டன் குழுவினரே காட்டினர். மருந்துகளைக் கரைக்கப் பயன்படும் ட்வீன் 80, கிரிமோஃபோர் ஈஎல் போன்ற பரப்புசெயலிகளும் இந்தப் புரதத்தைத் தடுக்கின்றன. பேக்லிடாக்சல் ஊசி மருந்தில் கரைப்பானாகவே கிரிமோஃபோர் சேர்க்கப்படுகிறது என்பதால், மருந்தோடு எதிர்ப்பு முறிப்பானும் சேர்ந்தே போகிறதே என்று ஒரு காலத்தில் எதிர்பார்ப்பு இருந்தது. ஆனால் அது இரத்தத்திலேயே பெரிதும் தங்கிவிடுவதோடு, கடுமையான ஒவ்வாமையையும் உண்டாக்கக்கூடியது.

இளக்கினால் தடைபடும் என்ற எளிய விதிக்கு இடைஞ்சலாக ஒரு முடிவு இருக்கிறது. 2002இல் குடல் செல் படலங்களில் செய்த ஒப்பீட்டில், ட்வீன் 80உம் கிரிமோஃபோரும் சவ்வை இளக்கின. வைட்டமின் ஈயிலிருந்து செய்யப்படும் டிபிஜிஎஸ் சவ்வை இறுக்கியது. ஆனால் மூன்றுமே பி-கிளைக்கோபுரதத்தைத் தடுத்தன. கொலஸ்ட்ராலைச் சவ்விலிருந்து உருவியெடுத்தாலும் பல செல்களில் இப்புரதத்தின் செயல் குன்றுகிறது. அப்படியென்றால் புரதத்துக்குத் தேவைப்படுவது ஒரு குறிப்பிட்ட கொழுப்புச் சூழல். அதிலிருந்து எந்தப் பக்கம் விலகினாலும் அது தடுமாறலாம். புளூரானிக் வகைப் பாலிமர்கள் இன்னொரு உண்மையைச் சொல்கின்றன: அவை சவ்வை இளக்குவதோடு, எதிர்ப்புள்ள செல்களின் ஏடிபி இருப்பையும் வற்றச் செய்கின்றன. அங்கே இளக்கத்தின் பங்கு எவ்வளவு என்று தனியே நிறுத்துப் பார்ப்பது எளிதன்று.

நோயாளியின் உடலில் இன்னும் பெரிய தடை உண்டு. சவ்வை இளக்கும் பொருளுக்குப் புற்றுச் செல் எது, இதயச் செல் எது, சிவப்பணு எது என்ற வேறுபாடு தெரியாது.

புரதத்தையே தடுக்கும் மருந்துகள் என்னவாயின?

1981இல் வெராபமில் வின்கிரிஸ்டின் எதிர்ப்பை முறிப்பதை ட்சுருவோ குழுவினர் கண்டதிலிருந்து பெரும் நம்பிக்கை பிறந்தது. தேவையான அளவில் அது இதயத்தைப் பாதித்தது. அடுத்து வந்த வால்ஸ்போடார் கீமோதெரபி மருந்து உடலிலிருந்து வெளியேறுவதையும் மந்தமாக்கியதால் மருந்தளவைக் குறைக்கவேண்டியதாயிற்று. டாரிக்விடார் சோதனைகள் நச்சுத்தன்மையால் நிறுத்தப்பட்டன. பி-கிளைக்கோபுரதத்தைத் தடுத்து எதிர்ப்பை முறிப்பதற்கென எந்த மருந்தும் வழக்கமான சிகிச்சையில் இடம்பெறவில்லை.

சிஸ்பிளாட்டினுக்கும் இதே கதைதானா?

அல்ல. சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தை பி-கிளைக்கோபுரதம் வெளியேற்றுவதில்லை. அதன் எதிர்ப்பில் உட்புகல் குறைவு, மருந்தைப் பிணைத்துச் செயலிழக்கச் செய்யும் குளூட்டாதயோன், டிஎன்ஏ சீரமைப்பு ஆகியவை பெரிதாகப் பேசப்படுகின்றன. பேக்லிடாக்சலுக்குச் சொன்னதைச் சிஸ்பிளாட்டினுக்கும் நீட்டிப் பேசுவது தவறு.

மீன் எண்ணெயோ ஸ்டாடினோ சாப்பிட்டால் சவ்வு மாறி மருந்து நன்றாக வேலைசெய்யுமா?

மீன் எண்ணெயில் மிகுந்த, பலநிறைவுறாக் கொழுப்பமிலமான டிஹெச்ஏ உணவிலிருந்து சவ்வின் பாஸ்போலிப்பிடுகளில் போய்ச் சேருவது உண்மை. தட்டில் வளர்த்த செல்களும் விலங்குகளில் வளர்த்த கட்டிகளும் டாக்சோரூபிசின் வகை மருந்துகளுக்கு அதனால் கூடுதலாக மசிவதும் காட்டப்பட்டிருக்கிறது. பிரான்ஸில் நடந்து 2009இல் வெளியான ஒரு சிறு ஆய்வில், பரவிய மார்பகப் புற்றுள்ள 25 பெண்களுக்குக் கீமோதெரபியோடு நாளொன்றுக்கு 1.8 கிராம் டிஹெச்ஏ கொடுத்தார்கள். அதை நன்றாக உள்வாங்கியவர்கள் மற்றவர்களைவிட நீண்டகாலம் வாழ்ந்தார்கள். ஒப்பிடுவதற்கென டிஹெச்ஏ கொடுக்காத குழு அதில் இல்லை. உள்வாங்கும் வலு உள்ளவர்கள் பொதுவாகவே உடல்நிலை தேவலையாக இருந்தவர்களாகவும் இருக்கலாம். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மருந்துகளான ஸ்டாடின்கள், கொலஸ்ட்ரால் தயாரிப்போடு ராஸ் போன்ற செல் வளர்ச்சியைத் தூண்டும் புரதங்களுக்கு வேண்டிய கொழுப்பு வால்களையும் குறைக்கின்றன. ஆகவே தட்டில் தெரியும் விளைவைச் சவ்வின் கணக்கில் மட்டும் எழுத முடியாது. சிகிச்சை பெறுபவர் இவற்றைத் தாமாகத் தொடங்கக் கூடாது. சில ஸ்டாடின்கள் புற்றுநோய் மருந்துகளோடு ஒரே கல்லீரல் நொதிகளுக்குப் போட்டியிடுகின்றன என்பதால் மருத்துவரிடம் சொல்லாமல் எடுப்பது ஆபத்தானது.

பலநிறைவுறாக் கொழுப்பு மிகுந்த சவ்வு எதிர்ப்புச் செல்லின் பலவீனமாகுமா?

ஆகலாம். இப்போது ஆய்வு சூடுபிடித்திருக்கும் பகுதியும் இதுதான். இரும்பின் துணையோடு பலநிறைவுறா வால்கள் ஆக்சிஜனேற்றம் அடைந்து செல் சாவதை 2012இல் ஃபெரோப்டோசிஸ் என்று பெயரிட்டார்கள். இந்தச் சேதத்தைச் சீர்செய்யும் நொதி ஜிபிஎக்ஸ்4. மருந்தைத் தாக்குப்பிடித்து மெதுவாகக் காத்திருக்கும் புற்றுச் செல்கள் இந்த நொதியைப் பெரிதும் நம்பியிருப்பதை 2017இல் இரு குழுக்கள் தனித்தனியே காட்டின. இங்கே கேள்வி சவ்வு எவ்வளவு இளகியது என்பதன்று, எவ்வளவு எளிதில் பற்றிக்கொள்ளும் வால்கள் அதில் உள்ளன என்பது. பாய்மத்தன்மையைக் கூட்டும் அதே இரட்டைப் பிணைப்புகள்தாம் இந்தச் சாவுக்கும் வழிவிடுகின்றன.

இளகிய சவ்வு புற்று பரவ உதவும் என்கிறார்களே?

பரவும் தன்மை மிகுந்த செல்களின் சவ்வு இளகலாக இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. திசு இடுக்குகளில் நெளிந்து நுழைய அது உதவும் என்பது விளக்கம். உண்மையானால், மருந்து நுழைவதற்காகச் சவ்வை இளக்கும் சிகிச்சை வேறொரு கதவைத் திறந்துவிடக்கூடும். இதைச் சோதிக்காமல் இளக்கும் மருந்துகளைப் பரிந்துரைக்கும் கட்டுரைகளை ஐயத்தோடு படிப்பதே சரி.

இத்துறையில் ஒரு புதிய ஆய்வைப் படிக்கும்போது எதைக் கவனிக்கவேண்டும்?

எந்தச் சாயம், அது எந்தச் சவ்வில் இருந்தது, எந்த வெப்பநிலையில் அளந்தார்கள் என்பதை முதலில் பாருங்கள். 25 டிகிரியில் எடுத்த அளவை உடலுக்கு அப்படியே பொருத்த இயலாது. செல் இணையின் மரபணு அடையாளத்தைச் சரிபார்த்தார்களா என்பது அடுத்தது. வெளியேற்றும் புரதத்தை நீக்கிய செல்லிலும் அதே சவ்வு மாற்றத்தைச் செய்து பார்த்தார்களா என்பதை நான் எல்லாவற்றுக்கும் மேலாகத் தேடுவேன்: புரதம் இல்லாதபோதும் மருந்தின் சேர்மானம் அதே அளவு மாறினால் கசிவு மாறியிருக்கிறது; மாறாவிட்டால் தொல்லைப்பட்டது புரதம். இந்த ஒரு கட்டுப்பாட்டுச் சோதனை இல்லாத கட்டுரையில் பாய்மத்தன்மை பற்றிய முடிவுரை எவ்வளவு உறுதியாக எழுதப்பட்டிருந்தாலும், அதை ஓர் ஊகமாக மட்டுமே எடுத்துக்கொள்ளலாம்.